பிடிச்ச ரீடிங் வந்ததும் நிறுத்திடாதீங்க

கெமிஸ்ட்ரி லேப்ல மூணாவது டைட்ரேஷனை நிஜமாவே செஞ்சவங்க நம்ம காலேஜ்ல எத்தனை பேரு? முதல் ரெண்டு ரீடிங்கும் ஒத்துப்போனா, மூணாவதை நோட்டுல மட்டும் எழுதிட்டு ப்யூரெட்டைக் கழுவ ஓடுற கூட்டத்துல நானும் ஒருத்தன். அதனால அறிவுரை வேண்டாம். ஒரு கோதுமையோட கதையைச் சொல்றேன்.

மெக்சிகோவிலிருந்து வந்த 'சோனோரா 64' நல்ல மகசூல் தந்தது. ஆனால் மணி சிவப்பு. சப்பாத்திக்கு நம்ம மக்கள் தேடியது பொன்னிறம். கும்பகோணத்துக்காரர் எம்.எஸ். சுவாமிநாதனும் அவர் குழுவும் டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் அந்த விதையில் காமா கதிரைச் செலுத்தி, 1967-ல் பொன்னிற 'சர்பதி சோனோரா'வைக் கொண்டு வந்தார்கள். (கதிர் மாற்றியது விதையின் மரபணுவை. அதிலிருந்து விளைஞ்ச கோதுமையில கதிர்வீச்சு ஒட்டிக்கிட்டு இருக்காது. பயப்பட வேண்டாம்.)

நிறம் மாறினதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சிக்கல் வந்தது கண்ணுக்குத் தெரியாத லைசீனில். நம் உடம்பால் தயாரிக்க முடியாத அமினோ அமிலம் அது. பால் புரதத்தில் 100 கிராமுக்கு 8 கிராமை ஒட்டி இருக்கும். கோதுமைப் புரதத்தில் 3 கிராமை ஒட்டித்தான். புது ரகத்தில் லைசீன் மிக அதிகம் என்று அறிவித்தார்கள். ஏழை வீட்டுச் சப்பாத்தியிலேயே சத்து! யாருக்குத்தான் நம்ப ஆசை வராது?

பிறகு வேறு ஆய்வுகளில் அந்த உயர்வு நிற்கவில்லை. 1974-ல் 'நியூ சயின்டிஸ்ட்' இதழ் விஷயத்தை உலகறியச் செய்தது. ஆய்வக உதவியாளர் செய்த பிழை என்றார்கள். எனக்கு உறுத்துறது இந்த விளக்கம்தான். ஒரு உதவியாளரின் ரீடிங் கட்டுரை வரைக்கும் போகுதுன்னா, நடுவுல இருந்தவங்க ஏன் இன்னொரு தடவை அலசச் சொல்லல? கோதுமையில் பொதுவாகப் புரதம் கூடக்கூட, அதற்குள் லைசீனின் பங்கு குறையும். அப்படியிருக்க லைசீன் எகிறினால் முதலில் சந்தேகம்தானே வரணும்? சுவாமிநாதன் மேல எனக்கு மரியாதை குறையல. ஆனா பெரிய மனுஷங்க ரிசல்ட்டுக்கும் ரிப்பீட் வேணும்.

தருவைகுளம் பக்கத்து உப்பளங்களை நினைச்சுப் பாருங்க. உப்புத் தண்ணி எவ்வளவு கெட்டியாச்சுன்னு டிகிரி பார்ப்பாங்க. பாமே அளவில் 25 டிகிரி நெருங்கினால்தான் உப்பு விளையும். 30-ஐ நெருங்க விட்டா மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். அங்க அளவு தப்பினா நாக்கு காட்டிக் கொடுத்திடும். லைசீன் தப்பினா? சப்பாத்தி அதே ருசிதான். அதனாலதான் அந்த நம்பர் வெளியே போக முடிஞ்சது.

இப்போ புராஜெக்ட் எக்ஸ்போவுல கறுப்பு அரிசி ஆன்டிஆக்சிடன்ட், கேழ்வரகு கால்சியம்னு போஸ்டர் போட்டா, பார்க்குற நீங்க கேளுங்க: தாய் ரகத்தையும் அதே வயல்ல, அதே உரம் போட்டு விளைவிச்சு அலசினீங்களா? யூரியா கூடினாலே புரதம் கூடிடும். சதவீதம் தானியத்துக்கா, புரதத்துக்கா? புராஜெக்ட் பண்றவங்களுக்கு ஒண்ணு: பாட்டில்ல ரகத்தின் பெயரை எழுதாம நம்பர் மட்டும் ஒட்டி, அலசுற ஃப்ரெண்டுகிட்ட கொடுங்க. எது புது ரகம்னு ரீடிங் எல்லாம் நோட்டுல ஏறின பிறகு சொன்னா போதும்.