பத்திரிகைக்கு நடுவர் யார்?

பிறர் குற்றத்தை நாள்தோறும் ஆராயும் பத்திரிகையின் குற்றத்தை ஆராய்வார் யார்? சுவீடன் தேசத்திலே 1916ஆம் ஆண்டிலேயே பத்திரிகையாளர் தமக்கெனவொரு நடுவர் சபை கண்டனர். அச்சபை கண்டித்தால், அக்கண்டனத்தைக் குற்றமிழைத்த பத்திரிகையே அச்சிடல் வேண்டும். நாணமுடையார்க்கு இது போதும்.

நாணமிலார்க்கு? இங்கிலாந்தில் 1991இல் அமைந்து 2014 வரை இயங்கிய முறையீட்டு ஆணையத்திற்கு ஆவணங்களைக் கேட்டு வாங்கும் அதிகாரமும் இருந்ததில்லை. அபராதம் விதிக்கும் அதிகாரமும் இருந்ததில்லை. 'நியூஸ் ஆவ் தி வேர்ல்டு' அலுவலகத்தார் பிறர் தொலைபேசிச் செய்திகளைக் களவாய்க் கேட்டமை பற்றி 2009இல் அது விசாரித்து, புதிய சான்று யாதுமில்லை என அறிக்கை தந்தது. கொலையுண்ட சிறுமியொருத்தியின் தொலைபேசியையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை என்பது 2011இல் வெளியாக, 168 ஆண்டு வாழ்ந்த அப்பத்திரிகையே மூடப்பட்டது.

ஆகவே சர்க்காரே கண்டிக்கட்டும் என்பார்க்கு யான் உடன்படேன். சர்க்காரின் குற்றத்தைப் பின்னர் யார் எழுதுவார்? பத்திரிகையாளர் சபையே இருக்கட்டும். ஆயின் அது கேட்கும் ஏடுகளைப் பத்திராதிபர் காட்டியே தீரல் வேண்டும். முதற் பக்கத்துப் பொய்க்கு முதற் பக்கத்திலேயே திருத்தம் வரல் வேண்டும்.