சுற்றுலாவில் ஒரு நாள் உறவுக்கு!

பள்ளிக்கூட லீவு விட்டால் போதும், இப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் திருச்சிக்குப் போய் விமானம் ஏறிவிடுகிறார்கள். மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் பக்கத்து ஊர் மாதிரி ஆகிவிட்டன. செட்டிநாட்டில் இருக்கிற எங்களுக்கோ, அங்கே பார்க்க வேண்டிய இடங்களோடு பார்க்க வேண்டிய மனுஷர்களும் உண்டு. ஐயா காலத்தில் கொண்டுவிக்கப் போனவர்களில் ஏதாவது ஒரு கிளை அங்கேயே தங்கிப் போயிருக்கும்.

2024 மே மாதம் நாங்கள் ஐந்து பேர் ஆறு நாள் பயணமாக மலேசியா போனோம். பினாங்கில் என் வீட்டுக்காரருக்குச் சின்னாத்தா முறை ஒருவர் இருக்கிறார், எனக்கு அயித்தை. வயது 83. கல்யாணப் பத்திரிகையும் கேதச் செய்தியும் போய் வந்ததைத் தவிர, நேரில் பார்த்ததே இல்லை.

கிளம்புமுன் வீட்டில் ஒரு பேச்சு வந்தது. கொத்தமங்கலத்தில் எங்கள் பெரிய வீட்டில் பல புள்ளிகளுக்குப் பங்கு. மழை பெய்தால் ஒழுகுகிறது. விற்றுவிடலாமா என்று பங்காளிகளுக்குள் யோசனை. அதற்கு எல்லோர் கையெழுத்தும் வேண்டுமே!

"போறதுதான் போறோம், காகிதத்தையும் எடுத்துக்கிட்டுப் போயிடுவோம். ஒரே வேலையா முடிஞ்சிரும்" என்றார் அவர்.

"வேணாங்க. மொத மொத போற வீட்டுக்குக் காகிதத்தோட போகக்கூடாது" என்றேன் நான்.

இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் காகிதம் அலமாரியிலேயே தங்கியது.

நாங்கள் செய்த ஏற்பாடுகளைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். ஒரு மாதம் முன்னதாகவே போன் செய்து எந்த நாள், எத்தனை பேர், எப்போது வருவோம், எப்போது கிளம்புவோம் என்று சொல்லிவிட்டோம். அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி முந்தி. நாம் ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டால் அங்கே பத்தரை, வயதானவர்கள் படுத்திருப்பார்கள். தங்குவதற்கு ஓட்டலில் ஏற்பாடு செய்துகொண்டோம். வேலைக்குப் போகும் மருமகள் உள்ள வீட்டில் ஐந்து பேர் மூட்டை முடிச்சோடு போய் இறங்குவது நியாயமில்லை, இல்லையா?

கொண்டு போக மணகோலமும் சீப்புச்சீடையும் செய்து, காற்றுப் புகாமல் கட்டி, மேலே பெயர் எழுதினேன். பால் பண்டம், இறைச்சி, செடி, விதை போன்றவற்றுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு. சிங்கப்பூர் போகிறவர்கள் கசகசாவை மறந்தும் எடுத்துப் போகாதீர்கள், அங்கே அதற்குத் தடை. நம் மசாலாவில் அரைத்துச் சேர்த்திருக்கிறோமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பினாங்கில் காலையில் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போனோம். 1857-ல் நகரத்தார் கட்டிய கோயில். தைப்பூசத்துக்கு ஓடுகிற வெள்ளி ரதம் 1894-ல் நம் காரைக்குடியிலிருந்து போனது என்றதும் பிள்ளைகளுக்கு ஒரே ஆச்சரியம்.

அங்கிருந்து அயித்தை வீடு. ஒரு மணி நேரம் இருந்துவிட்டு மலை ரயில் பார்க்கப் போவதாகத் திட்டம். காபி குடித்து முடிக்கவில்லை, அயித்தை நேராகவே கேட்டுவிட்டார்கள்.

"கையெழுத்துக்குத்தானே வந்திருக்கீக? ஊர்ல இருந்து வாறவுக அதுக்குத்தான் வருவாக."

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "இல்லை அயித்தை, ஒங்களைப் பாக்கத்தான் வந்தோம்" என்றேன். எங்கள் பையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்து பலகார டப்பா வெளியே வந்த பிறகுதான் முகம் தெளிந்தது.

என் மகள் தன் போனில் எடுத்திருந்த வீட்டுப் படங்களைக் காட்டினாள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தவர்கள் ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார்கள். "இது எங்க அறை" என்று விரலால் தொட்டுக் காட்டினார்கள். கல்யாணமாகி அந்த அறையில் இருந்தது நாலே மாதம்தானாம். 1961-ல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர்கள், பிறகு ஊருக்கு வந்தது இரண்டே தடவை. தமிழ் சரியாகப் பேச வராத பேரப்பிள்ளைகளும் வந்து சுற்றி உட்கார்ந்து கதை கேட்டார்கள். எங்களுக்கு மலை ரயில் போய்விட்டது, பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். ஆனால் ஊர் திரும்பியதும் அவர்கள் எல்லோரிடமும் சொன்னது அயித்தையின் கப்பல் கதையைத்தான்.

கிளம்பும்போது அயித்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "விக்கிறதுன்னா நான் குறுக்க நிக்க மாட்டேன். முந்தி ஒரு வார்த்தை சொல்லுங்க, ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போறேன்" என்றார்கள்.

பிற்பாடு வக்கீலிடம் கேட்டதில், வெளிநாட்டில் இருப்பவர் அதிகாரப் பத்திரம் கொடுப்பதானால், அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்னிலையிலோ கையெழுத்திட்டுச் சான்று பெற வேண்டும் என்றார். ஆக, கூடத்து மேஜையில் வைத்து வாங்கும் கையெழுத்தால் காரியமும் ஆகியிருக்காது, உறவும் கெட்டிருக்கும்.

வீட்டு விஷயம் இன்னும் முடிவாகவில்லை. ஆனால் இப்போது வாரம் ஒரு தடவை பினாங்கிலிருந்து போன் வருகிறது. மழை பெய்ததா, வீடு ஒழுகுகிறதா என்று அயித்தை கேட்கிறார்கள்.

சகோதரிகளே, வெளிநாட்டில் ஒரு உறவு இருந்தால், பயணத்தில் ஒரு முழு நாளை அவர்களுக்கென்று ஒதுக்குங்கள். கேட்க வேண்டிய காரியம் ஏதாவது இருந்தால் அதை ஊரிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அது அடுத்த தடவைக்கு ஆகட்டும்.