கால்வாய்ப் படகு வாங்குவோர் கவனத்துக்கு

"லண்டனில் ஒரு படகை வாங்கி அதிலேயே குடியிருந்தால் வீட்டு வாடகை மிச்சமாமே, உண்மையா?" கடந்த சில வருடங்களாக எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. இங்கு படிக்க வந்து தொழிலில் சேர்ந்துகொண்ட பிள்ளைகளும் கேட்கிறார்கள், அவர்களுக்கு ஊரிலிருந்து பணம் அனுப்பலாமா என்று யோசிக்கும் பெற்றோரும் கேட்கிறார்கள். வீடு என்றால் வங்கிக் கடனும் வட்டியும் கூடவே வரும், படகை கைக்காசுக்கு வாங்கிவிடலாம் என்பது இவர்கள் சொல்லும் காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் படகின் விலையைப் பற்றி விசாரிக்கும் எவரும், அதைத் திருத்துவதற்கு யாரை அமர்த்துவது, அவர்களோடு எப்படிக் கணக்கு வைத்துக்கொள்வது என்று என்னிடம் இதுவரை கேட்டதில்லை. பணம் கரைவது அங்கேதான்.

மேற்கு லண்டனில் பிளம்பர், தச்சர், மின்சார வேலைக்காரர் போன்ற சிறு தொழிலாளர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது எனது தொழில். எனது ராத்தாவின் மகன் 2021ஆம் ஆண்டு இத்தகைய படகொன்றை வாங்கினான். அவனது சேமிப்போடு, ராத்தா ஊரில் தனது பெயரிலிருந்த ஒரு துண்டுக் காணியை விற்ற பணமும் அதில் போனது. அன்றிலிருந்து அந்தப் படகின் வரவு செலவுப் புத்தகம் என்னிடமே இருக்கிறது. ஆகவே வேலை கொடுப்பவரின் பக்கத்தையும் வேலை செய்பவரின் பக்கத்தையும் அறிந்தே எழுதுகிறேன்.

முதலில் இந்தப் படகைப் பற்றிச் சில வார்த்தைகள். நரோபோட் என்று இங்கு அழைக்கப்படும் இது ஏழு அடிக்கும் சற்றுக் குறைந்த அகலமுடையது. 18ஆம் நூற்றாண்டில் நிலக்கரியும் மட்பாண்டமும் கொண்டுசெல்ல வெட்டப்பட்ட கால்வாய்களின் ஒடுங்கிய லொக்குகளுக்குள் நுழைவதற்காகவே இந்த அளவு வந்தது. மருமகனின் படகு 57 அடி நீளம். அந்த நீளத்துக்குள் இருந்தால் நாட்டின் கால்வாய்களில் ஏறக்குறைய எல்லா இடத்துக்கும் போய்வரலாம் என்பதால் சந்தையில் அதற்குக் கிராக்கி உண்டு. நமது மக்கள் நிறையப் பேர் வாழும் அல்பேட்டன், சவுத்தோல் பகுதிகளுக்கு ஊடாகவும் கிராண்ட் யூனியன் கால்வாய் ஓடுகிறது. கரையில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு வர்ணம் பூசிய கூரையும் பூச்சட்டியும் அடுப்புப் புகைக்குழாயும் தெரியும். விலை கொடுக்க வேண்டியதோ தண்ணீருக்குக் கீழே இருக்கும் இரும்புத் தகட்டுக்கு.

அந்தத் தகட்டின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். 1990களில் கட்டப்பட்ட நல்ல படகொன்றில் அடித்தகடு 10 மில்லிமீற்றர், பக்கத் தகடு 6, மேலே அறையின் தகடு 4 என்று இருக்கும். துரு வருடாவருடம் இதைத் தின்கிறது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை படகைக் கரையேற்றித் தார் பூச வேண்டும். தண்ணீருக்குள் தகட்டோடு மக்னீசியக் கட்டிகளைப் பொருத்துவார்கள். தகட்டுக்குப் பதிலாக அந்தக் கட்டி கரையும். கரைந்து முடிந்தால் புதியதைப் பொருத்த வேண்டும். கரையிலிருந்து மின்சாரம் எடுக்கும் படகென்றால் பக்கத்துப் படகின் மின்னோட்டத்தாலும் தகடு அரிபடும், அதைத் தடுக்கும் சாதனத்தை வயரில் பொருத்த வேண்டும். தகடு 4 மில்லிமீற்றரை விட மெலிந்துவிட்டால் பல காப்புறுதிக் கம்பனிகள் பின்வாங்கும். காப்புறுதி இல்லாமல் லைசன்ஸ் கிடையாது, லைசன்ஸ் இல்லாமல் கால்வாயில் இருக்க முடியாது. ஆகவே தகடு எவ்வளவு தடிப்பு என்பதே படகின் உண்மையான பெறுமதி.

அதை அளப்பது யார்? இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இந்தக் கேள்விதான்.

2021இல் விற்பவரின் தரப்பு ஓர் அறிக்கையைக் காட்டியது. மருமகன் அதை மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டு, தானே ஒரு சேர்வேயரை அமர்த்தினான். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கும் செலவும் அவனுடையது. அந்த மனிதர் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்து, ஒலியலைக் கருவியை வைத்து இடத்துக்கு இடம் அளந்து எழுதினார். பின்பக்கத்தில் நீர்மட்டத்தோடு ஒட்டிய இடத்தில் குழிக்குழியாகத் துரு இருப்பது தெரியவந்தது. அதைக் காட்டி விலையில் 2,500 பவுண் குறைக்க முடிந்தது. சேர்வேயருக்கும் தூக்குவதற்கும் கொடுத்தது அதில் பாதிக்கும் குறைவு.

மூன்று வருடம் கழித்து, 2024இல், தார் பூசுவதற்காகப் படகை ஒரு படகுத் தளத்தில் கரையேற்றினோம். இரண்டாம் நாளே தளத்திலிருந்து அழைப்பு வந்தது. தகடு முழுவதும் போய்விட்டது, அடியிலும் இரு பக்கத்திலும் மேல்தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும், 11,800 பவுண் ஆகும், இல்லாவிட்டால் காப்புறுதி கிடைக்காது என்றார்கள். படகு அவர்களது நிலத்தில் நிற்கிறது. நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஓடுகிறது. பையன் இரவில் தூங்குவது அந்தப் படகில்தான். இந்த நிலையில் "சரி, செய்யுங்கள்" என்று சொல்லாதவர் குறைவு. ராத்தா ஊரிலிருந்து அழைத்து, "தம்பி, இன்னும் காசு வேணுமாடா?" என்று கேட்டார்.

அதே சேர்வேயரை மறுபடி வரவழைத்தோம். 2021இல் அளந்த அதே இடங்களை அவர் மீண்டும் அளந்தார். பக்கத் தகடு பெரும்பாலும் 5 மில்லிமீற்றருக்கு மேல் நின்றது. பின்பக்கத்தில் இரண்டே இடங்களில் 4க்குக் கீழே இறங்கியிருந்தது. அந்த இரண்டு இடங்களுக்கும் மாத்திரம் தகடு வைத்து ஒட்டினால் போதும் என்று எழுதிக் கொடுத்தார். வேலை 1,350 பவுணோடு முடிந்தது. காப்புறுதிக் கம்பனி அந்த அறிக்கையை ஏற்றுக்கொண்டது.

தளத்துக்காரரைத் திருடர் என்று நான் சொல்லமாட்டேன். முழுத் தகடும் மாற்ற வேண்டிய படகுகள் இருக்கின்றன. அவ்வாறான படகை விட்டு வைப்பது ஆபத்து. நான் சொல்வது ஒன்றுதான்: திருத்த வேலையால் வருமானம் பெறுபவரிடம், எவ்வளவு திருத்த வேண்டும் என்று தீர்ப்புக் கேட்கக்கூடாது. நாளெல்லாம் வெல்டிங் செய்பவரின் கண்ணுக்கு எல்லாத் தகடும் வெல்டிங் கேட்கும் தகடாகவே தெரியும். அவர் நல்லவராக இருந்தாலும் அப்படித்தான். அளப்பவர் தனியாள், அவருக்குக் கூலி அளப்பதற்கு மட்டும் என்றால், கூட்டிச் சொல்வதிலும் குறைத்துச் சொல்வதிலும் அவருக்கு இலாபமில்லை. தேவையில்லாத மேல்தகடு பணத்தை மட்டும் தின்பதில்லை. தொன் கணக்கில் பாரம் ஏறிப் படகு தாழும், தண்ணீர் வெளியேறும் துவாரங்கள் நீர்மட்டத்துக்கு அருகே வந்துவிடும், பிறகு அடியில் வைத்திருக்கும் பாரக் கற்களை எடுத்துச் சமன்செய்ய இன்னொரு கூலி.

இங்கே ஒரு குழப்பத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். லைசன்ஸுக்காக நான்கு வருடத்துக்கு ஒருமுறை பெறவேண்டிய படகுப் பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்று உண்டு. "சான்றிதழ் இருக்கிறது, படகு நல்ல படகு" என்று விற்பவர்கள் சொல்வார்கள். அந்தப் பரிசோதனை பார்ப்பது காஸ், எரிபொருள், மின்சாரம், காற்றோட்டம், தீ ஆகிய விடயங்களை. 2019 ஏப்ரலில் இருந்து காபன் மொனொக்சைட் எச்சரிக்கை மணியும் கட்டாயம். தகட்டின் தடிப்பை அது பார்ப்பதே இல்லை.

இனி வேலை ஆட்கள். ஊரில் மேசன்பாஸோடும் தச்சுபாஸோடும் பழகியவர்களுக்கு இங்குள்ள நிலைமை புதிதாக இராது. முற்பணம் கேட்பார்கள், நாளை வருவதாகச் சொல்வார்கள், வேறு வேலையில் நிற்பார்கள். படகில் ஒரு மேலதிகச் சிக்கலும் சேர்கிறது. நிரந்தரத் தரிப்பிடம் இல்லாதவர்கள் பொதுவாக ஒரே இடத்தில் 14 நாட்களுக்கு மேல் நிற்கமுடியாது என்பது 1995ஆம் ஆண்டுச் சட்டம். தரிப்பிடம் எடுக்காமல் மிச்சம் பிடிக்கலாம் என்று வருபவர்களுக்கு லைசன்ஸ் கட்டணத்திலும் 2024 ஏப்ரலிலிருந்து மேலதிகத் தொகை சேர்க்கப்பட்டது. வேலையின் நடுவே படகு நகர்ந்துவிடும். புதிய இடத்தில் தச்சரின் வேனை நிறுத்த வசதி இராது, பலகையை அரை மைல் தோளில் சுமக்க வேண்டும். இதைச் சொல்லாமல் எஸ்டிமேட் வாங்குபவர், பிறகு விலை கூடிவிட்டதென்று கோபப்படுவதில் நியாயமில்லை.

உள்வேலைக்கு வந்த தச்சர் மொத்தத் தொகையில் பாதியை முன்கூட்டியே கேட்டார். மருமகன் மறுத்தான். பலகையும் ஆணியும் தானே வாங்கித் தருவதாகவும், வேலையை ஐந்து துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் முடிந்த அன்றே அதற்குரிய தொகையைக் கொடுப்பதாகவும் எழுதி இருவரும் ஒப்பமிட்டார்கள். மூன்றாவது துண்டோடு தச்சர் வேறொரு பெரிய வேலைக்குப் போய்விட்டார். எங்களுக்கு நட்டம் ஆறு வாரம். பணத்தில் நட்டம் இல்லை, அவருக்கும் நாங்கள் ஒரு பவுண் கடனில்லை. வியர்வை உலருமுன் கூலி கொடுப்பது நமக்குச் சொல்லப்பட்ட கடமை. அதைக் காட்டி, வியர்க்கு முன்பே கூலி கேட்பவருக்கு இணங்கத் தேவையில்லை.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். என்னிடம் கணக்குக் கொண்டுவரும் தொழிலாளர்களின் பெரிய தலைவலி, வேலை முடிந்து இரண்டு மாதமாகியும் பணம் கொடுக்காத வாடிக்கையாளர்கள். அதற்கடுத்தது, நடுவழியில் மனம் மாறுபவர்கள். குசினியை இடப்பக்கம் வைக்கச் சொல்லிவிட்டு, அலுமாரி பொருத்திய பிறகு வலப்பக்கம் வேண்டும் என்பார்கள், கூடுதல் கூலி கேட்டால் முகம் சுளிப்பார்கள். முற்பணம் கேட்கும் வழக்கம் இவ்வாறானவர்களால் வந்தது. நமது ஆட்களும் இந்த விடயத்தில் பின்தங்கியவர்கள் அல்லர்! மாற்றம் எதுவானாலும் அதற்கான விலையோடு ஒரு குறுஞ்செய்தியாவது அனுப்பி, பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டம் தெரிந்திருப்பதும் நல்லது. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வேலை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும். விலை முன்கூட்டியே பேசப்படாவிட்டால் நியாயமான விலை மட்டுமே கேட்கலாம். 10,000 பவுண் வரையான வழக்குகளை இங்கிலாந்தில் சிறு கோரிக்கைகளுக்கான நடைமுறையில் சட்டத்தரணி இல்லாமலே தொடுக்கலாம். ஆனால் படகைத் திருத்தியவருக்கு, கூலி கிடைக்கும்வரை படகைத் தம்மிடம் வைத்திருக்கும் உரிமையும் இங்கு உண்டு. குடியிருக்கும் வீடே அவர் கையில் இருக்கும்போது வழக்கைப் பற்றிப் பேசுவது கடினம். அதனால்தான் கரையேற்றுவதற்கு முன்பே சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும் என்கிறேன். நிற்கும் நாளுக்கு வாடகை எவ்வளவு, படகில் இரவு தங்க அனுமதி உண்டா, நாமே தார் பூசலாமா, முக்கியமாக வெளியிலிருந்து வேறொரு வெல்டரை அழைத்து வரலாமா? பல தளங்கள் வெளியாளை அனுமதிப்பதில்லை. 2024இல் எங்களைக் காப்பாற்றியது, வெளியாள் வரலாம் என்று முன்பதிவின்போது வாங்கி வைத்திருந்த ஒரு வரிப் பதில்.

காஸ் வேலையில் மட்டும் சிக்கனம் பார்க்கவேண்டாம். குடியிருக்கும் படகில் காஸ் குழாயைத் தொடுபவர் பதிவுபெற்றவராக இருக்க வேண்டும், அதிலும் படகுகளுக்கான தகுதி அவரது அட்டையில் இருக்க வேண்டும். அட்டையின் பின்பக்கத்தைக் கேட்டுப் பாருங்கள், நேர்மையானவர் கோபிக்கமாட்டார். எங்கள் மின்சார வேலையைச் செய்த முதியவர், காஸ் அடுப்பை ஓர் அங்குலம் நகர்த்தித் தரும்படி கேட்டதற்கு, "அது என் வேலை இல்லை" என்று கையை எடுத்துவிட்டார். பிறகு பெட்டரி, சூரியத் தகடு என்று எல்லா வேலைக்கும் அவரையே அழைக்கிறோம்.

கூலியாள் தேவையில்லாத வேலைகளும் இருக்கின்றன. எஞ்சின் ஒயில் மாற்றுவது, விசிறிக்குச் செல்லும் தண்டின் அடைப்பில் கிறீஸ் இறுக்குவது, விசிறியில் சுற்றிய பொலித்தீனை எடுப்பது, புகைக்குழாயைத் துடைப்பது எல்லாம் பையன் இரண்டு மாதத்தில் பழகிக்கொண்டான். தார் பூசுவதையும் 2024இல் மச்சான்மார் இருவரின் உதவியோடு தானே செய்தான். கூலிக்குப் பூசியிருந்தால் ஆகும் தொகையில் மூன்றிலொரு பங்கு செலவானது. தாரை விட நீண்டகாலம் உழைக்கும் எபொக்சி பூசலாம் என்று தளத்தில் சொன்னார்கள். அதற்குப் பழைய தார் முழுவதையும் மணல் வீச்சால் நீக்கி வெறும் இரும்புக்குக் கொண்டுவர வேண்டும், தாருக்கு மேல் எபொக்சி ஒட்டாது. அந்தச் செலவுக்கு இப்போதைக்கு வழியில்லை.

பாதுகாப்புச் சான்றிதழும் தாரும் இரண்டுமே அடுத்ததாக 2027இல் வருகின்றன. இரண்டு தளங்களிடம் விலை கேட்டிருக்கிறோம். சேர்வேயருக்கும் நாள் குறித்தாயிற்று, அவர் தகட்டை அளந்து முடிக்கும்வரை தளத்துக்காரர் தூரிகையையும் வெல்டிங் குழலையும் தொடுவதில்லை என்று இம்முறை முன்பதிவிலேயே எழுதிவிட்டோம்.