முக்கடலும் மூன்று மணலும்

கன்னியாகுமரிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு எப்போதும் அதே நாலைந்து ‘அதிசயங்கள்’தான் சொல்லப்படுகின்றன. இந்தியாவின் தென்கோடி இது. மூன்று கடல்கள் கூடுமிடம். கடலுக்கொரு நிறமாக மூன்று மணல். சித்ரா பௌர்ணமியன்று மட்டும் சூரியன் மறையும்போதே நிலவு எழும். முன்பு கேரளத்தில் இருந்த மாவட்டம். பொது அறிவுப் புத்தகங்களிலும் வழிகாட்டிகளின் வாயிலும் இந்தப் பட்டியல் மாறுவதே இல்லை. இவற்றில் ஒன்றுகூட முழு உண்மை இல்லை.

தென்கோடி விவகாரம் சீக்கிரம் முடிந்துவிடும். இந்தியப் பெருநிலத்தின் தென்கோடி என்று சொன்னால் வழக்கே இல்லை. குமரி முனை இருப்பது வடக்கு அட்சரேகை 8 டிகிரி 4 நிமிடத்தில். நாட்டின் தென்கோடி அதற்கும் தெற்கே, பெரிய நிகோபார் தீவில் 6 டிகிரி 45 நிமிடத்தில் இருக்கும் இந்திரா முனை. 2004 நிலநடுக்கத்தில் அந்தக் கரை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது; அங்குள்ள கலங்கரை விளக்கத்தைக் கடல் சூழ்ந்துகொண்டது.

முக்கடல் கணக்கில் முதல் கோளாறு கூட்டலில். வங்காள விரிகுடாவும் அரபிக்கடலும் இந்தியப் பெருங்கடலின் பகுதிகள். வீட்டையும் அதன் இரண்டு அறைகளையும் சேர்த்து மூன்று என்று எண்ணுவது போலிருக்கிறது இது. அடுத்த கோளாறு எல்லையில். கடல்களின் எல்லைகளை வரையறுத்துச் சர்வதேச நீர்ப்பரப்பியல் அமைப்பு 1953இல் வெளியிட்ட ஆவணத்தின்படி, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலுள்ள மணல்திட்டுகளைத் தாண்டிய பிறகுதான் வங்காள விரிகுடா வருகிறது. மேற்கே கார்வாருக்கு அருகிலிருந்து லட்சத்தீவு, மாலத்தீவு வழியாக ஓடும் கோட்டுக்கு அப்பால்தான் அரபிக்கடல். நடுவில் கிடப்பதற்கு லட்சத்தீவுக் கடல் என்று பெயர். மன்னார் வளைகுடாவும் அதற்குள் அடக்கம். குமரியில் கால் நனைப்பவர் அந்த வரைபடத்தின்படி ஒரே கடலில்தான் நிற்கிறார். நம் பாடநூல்கள் வேறு வழக்கத்தைப் பின்பற்றுகின்றன. அது அவற்றின் உரிமை. ஆனால் தண்ணீரில் கோடு தெரிகிறது என்று பாறை மேல் நின்று விரல் நீட்டுகிறார்களே, அதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது.

உண்மையில் இங்கே கடல்கள் கூடுகின்றன, வேறு விதமாக. தென்மேற்குப் பருவத்தில் மேற்குக் கடலின் நீரோட்டம் முனைக்குத் தெற்கே கிழக்கு நோக்கி ஓடும். வடகிழக்குப் பருவத்தில் அது திரும்பி, ஆறுகள் கொட்டியதால் உப்புக் குறைந்த வங்கக்கடல் நீரை மேற்கே இழுத்து வரும். முனைக்குத் தெற்கே கண்டத்திட்டு அகன்று கிடக்கும் ‘வெட்ஜ் பாங்க்’ மீன்வளத்துக்குப் பேர்போனது. அதன் மீதான இந்திய உரிமையை 1976ஆம் ஆண்டின் இந்திய–இலங்கை ஒப்பந்தம் உறுதிசெய்தது. இதை எந்த வழிகாட்டியும் சொல்வதில்லை.

மூன்று கடலும் ஆளுக்கொரு மணலைக் கொண்டுவந்து போடுகின்றன என்பது அடுத்தது. மணல் கடலில் பிறந்ததே அல்ல, மலையில் பிறந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பழம்பாறைகள் உதிர்ந்து ஆறுகளில் வருகின்றன. அலை எடை குறைந்த வெண்மணலை அரித்துக்கொண்டு போக, கனமான தாதுக்கள் கரையில் படிகின்றன. கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், மஞ்சள் கலந்த பழுப்பு மோனசைட். முனையிலிருந்து மேற்கே மணவாளக்குறிச்சிக்குப் போனால் இவை இன்னும் அடர்த்தியாகக் கிடக்கும்.

இந்த மோனசைட்டை உலகம் கண்டுகொண்ட கதை விசித்திரமானது. ஏற்றுமதியான கயிற்று நாரோடு ஒட்டிக்கொண்டு போன மணலில் 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அதைக் கண்டுபிடித்தார். அதிலுள்ள தோரியம் அன்றைய கேஸ் விளக்கு மேன்டிலுக்குத் தேவைப்பட்டது. பிறகு அணுசக்திக் காலம் வந்தது. மணவாளக்குறிச்சியில் இன்று மத்திய அரசு நிறுவனமான ஐஆர்இஎல் மணலைப் பிரிக்கிறது. கதிர்வீச்சுக்கும் கடலரிப்புக்கும் அஞ்சும் கடலோர ஊர்கள் புதிய சுரங்கத் திட்டங்களை எதிர்த்து நிற்கின்றன. பயணிகள் பொட்டலம் கட்டி வாங்கிப்போகும் வண்ண மணலுக்குப் பின்னால் இவ்வளவு வழக்கு இருக்கிறது.

நிலவுக்கு வருவோம். பௌர்ணமி என்றாலே பூமிக்கு ஒரு பக்கம் சூரியன், எதிர்ப்பக்கம் நிலவு. ஆகவே எல்லாப் பௌர்ணமியிலும், எல்லா ஊரிலும், ஒன்று மறைய மற்றது எழும். முன்பின் கொஞ்சம் வித்தியாசப்படும், அவ்வளவுதான். மறைவில்லாத திறந்த வெளி வேண்டும், அது குமரியில் தாராளமாக உண்டு. சித்திரைக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை.

கடைசியாக, ‘முன்பு கேரளத்தில் இருந்தது’. அப்படி ஒரு நாள்கூட இருந்ததில்லை. 1956 நவம்பர் 1 அன்றுதான் கேரளம் என்ற மாநிலமே உருவானது. அதே நாளில்தான் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. அதற்கு முந்தைய நாள்வரை அவை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தன. 1949க்கு முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில். இணைப்பும் யாரோ தானமாகத் தந்ததல்ல. மார்ஷல் நேசமணி முன்நின்ற திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடிப் பெற்றது. 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. கேட்டதெல்லாம் கிடைக்கவுமில்லை, தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்துக்கே போய்விட்டன.

திருவிதாங்கூர் என்ற பெரிய ராஜ்யம் எழுந்ததே இந்த மண்ணிலிருந்துதான் என்பதைத் தமிழ்நாடு, கேரளம் என்ற இரு தரப்பும் வசதியாக மறந்துவிடுகின்றன. மார்த்தாண்ட வர்மா ஆண்டது பத்மநாபபுரத்திலிருந்து. 1741இல் அவர் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது குளச்சலில். அங்கே பிடிபட்டு, பின்பு அவருக்கே தளபதியான டிலனாயின் கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போனது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில். பத்மநாபபுரம் அரண்மனை தக்கலைக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தாலும், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. பார்க்கப் போகிறவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்க்கவும், அன்று விடுமுறை.