ஆணிக்கா பாதுகாப்பு?

துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் சட்டை கத்தியையும் தடுக்கும் என்று நினைக்கிறீர்களா? அப்படியில்லை!

1965-இல் அமெரிக்க விஞ்ஞானி ஸ்டெபனி குவோலெக் அம்மையாரின் கண்டுபிடிப்பால் பிறந்தது கெவ்லார் இழை. அதே எடையுள்ள எஃகைவிட ஐந்து மடங்கு வலிமை கொண்டது. ஆனாலும் சாதாரண நெசவில், கூரிய கத்திமுனை நூல்களை விலக்கி நுழைந்துவிடும். ஆகவே நெருக்கி நெய்து, பல அடுக்காகத் தைக்கிறார்கள். அடுக்கு கூடினால் புழுக்கமும் கூடும்; கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார்கள். ஆணிக்கா பாதுகாப்பு? உடலோடு வளைந்து, வேர்வை ஆற வழிவிடும் சட்டையே உயிர் காக்கும்.

செம்பனை வெட்டும் சகோதரர்களே, கையுறைக்கும் இதே கதைதான். வெட்டுத் தாங்கும் கையுறை அரிவாள் விளிம்பு உரசினால் காக்கும். முனை குத்தினால் அதை நம்ப முடியாது.

தாய்மார்களே, கெவ்லார் கையுறையைத் துணி வெளுக்கும் குளோரினில் ஊறவைக்காதீர்கள், இழை நலிந்துபோகும். வெயிலும் ஆகாது. நிழலில் உலர்த்துங்கள்.