பாட்டு வேண்டும், பாடுகிறவர் வேண்டாமா?

"இசைக்குச் சாதி கிடையாது" என்று சொல்லாத மேடை தமிழ்நாட்டில் இல்லை. அப்படிச் சொல்கிறவர்களில் பெரும்பாலோருக்குச் சாதியால் ஒரு மேடையும் மறுக்கப்பட்டதில்லை. இந்தப் பொய்யை மேடையில் ஏறியே உடைத்த இசைக்குழு 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'.

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் அதன் முதல் நிகழ்ச்சி நடந்தது. இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழுவில் 19 பேர். அவர்களில் சென்னையின் கானா பாடகர்களும் இருந்தார்கள். சாதியற்ற தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் அடையாளத்திலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானா, ராக்குடனும் ராப்புடனும் கைகோத்து இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பேசியது. கூட்டம் ஆடியது. ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. 2020 முதல் நீலத்தின் 'மார்கழியில் மக்களிசை' சபாக்களின் மாதத்திலேயே கானாவுக்கும் பறைக்கும் ஒப்பாரிக்கும் மேடை போட்டது.

இதை வெற்றிக்கதையாக மட்டும் சொல்லி முடிப்பது பலருக்கும் வசதியாக இருக்கிறது. "பார்த்தீர்களா, திறமை இருந்தால் மேலே வரலாம்" என்று நமக்கே பாடம் எடுக்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் புதுக்கோட்டையிலிருந்தே பதில் இருக்கிறது.

கஞ்சிராவைக் கர்நாடக இசை மேடையில் ஏற்றியவர் என்று போற்றப்படுபவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. கஞ்சிரா என்ன கருவி? மரவளையத்தில் தோலை இழுத்து ஒட்டியது. பறையும் மரவளையத்தில் தோலை இழுத்துக் கட்டியதுதான். உடும்புத் தோல் சபாவுக்குள் போய் உட்கார்ந்தது. மாட்டுத் தோல் தெருமுனையிலேயே நிறுத்தப்பட்டது. நூறாண்டுக்கும் மேலாக ஒரு தோற்கருவி பக்கவாத்தியமாக மதிக்கப்படும்போது, மற்றொன்று ஏன் இழவுக்கு மட்டும் கூப்பிடப்பட்டது? தோலில் தீட்டு இல்லை. அதைத் தொடும் கையில்தான் இந்தச் சமூகம் தீட்டைக் கண்டது. திறமை, நாதம், இலக்கணம் என்பதெல்லாம் பிறகு தேடிக்கொண்ட காரணங்கள்.

ஊர்களில் நடந்தது இதுதான்: சாவுக்குப் பறை கட்டாயம் வேண்டும், அடித்தவர் அந்த வீட்டுத் திண்ணையில் உட்காரக் கூடாது. ஒலியை எடுத்துக்கொள், ஆளை வெளியே நிறுத்து. இந்த ஏற்பாடு இன்றைய இசைச் சந்தையில் இல்லை என்று யார் சொல்வது?

காஸ்ட்லெஸ் கலெக்டிவில் பாடிய அறிவுக்கு நடந்ததைப் பாருங்கள். 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து பிறந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமில்லாமல் திரும்பியவர்களின் கதை அது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் உடன் பாடிய தீ இருந்தார்; அறிவு இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்த பிறகே அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தது. அங்கேயும் அறிவு இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் வந்தது. விளக்கங்களைத் தனித்தனியாக ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் விடுபடுகிறவர் அதே ஆளாக இருப்பது எப்படி? நிலம் பறிபோன கதையைப் பாடியவனுக்கு அந்தப் பாட்டிலேயே தன் பங்கைக் கேட்டு வாதாட வேண்டி வந்தது. பாட்டால் தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே சொன்னார். உலகமே ஆடிய பாட்டின் கணக்கு இது.

இசைவாணியைப் பாருங்கள். குழு தொடங்கியபோது அதில் இருந்த ஒரே பெண். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். சபரிமலையில் பெண்கள் நுழைவதைப் பற்றிப் பல ஆண்டுகளுக்கு முன்பு பாடிய பாட்டுக்காக 2024 நவம்பரில் அவர்மீது புகார்கள், மிரட்டல்கள், ஆபாச வசைகள். கைதட்டும்போது 'நம்ம பொண்ணு'. மிரட்டல் வரும்போது 'அந்தப் பாட்டு எதற்கு?' என்கிற முற்போக்காளர்களையும் பார்த்தோம்.

இனி எங்கள் மாவட்டத்துக்கு வாருங்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியர் கண்டது தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை, நுழைய முடியாத அய்யனார் கோயில். 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை, பாதிக்கப்பட்ட மக்களிலிருந்தே மூன்று பேரைக் குற்றவாளிகளாக்கியது. எஞ்சாமிக்கு ஆடிய கல்லூரிகள் எத்தனை? வேங்கைவயலுக்காக ஒரு நாள் வகுப்பைவிட்டு வெளியே வந்த கல்லூரிகள் எத்தனை?

தோழர்களே, சாதி ஒழிப்புப் பாட்டை ஃபோனில் வைத்திருப்பது சாதி ஒழிப்பு வேலை ஆகாது. அந்த இசைக்குழு நம்மை ரசிகர்களாகச் சேர்க்க வரவில்லை. கல்லூரி விழாவுக்கு, கலை இரவுக்குப் பறைக்குழுவை அழைக்கிறீர்களா? சுவரொட்டியில் கலைஞர்களின் பெயரைப் போடுங்கள். 'பறையாட்டம்' என்று மட்டும் போட்டு முடிக்காதீர்கள். பேசிய பணத்தை மேடை ஏறும் முன்பே கொடுங்கள். உங்கள் ஊரில் ஒருவர் "இனி சாவுக்கு அடிக்க மாட்டேன்" என்று சொன்னால், ஊர்க்கூட்டத்தில் அவர் பக்கம் எழுந்து நில்லுங்கள். பறையைக் கலை என்று கொண்டாடுகிறவர்களுக்கான சோதனை அங்கேதான் இருக்கிறது. அடிக்க மறுக்கும் உரிமை இல்லாதவரின் அடியைக் கலை என்று அழைப்பது, அடிமைத்தனத்துக்குப் போடும் மாலை.