அயல்நாட்டில் பள்ளி தேடும் பெற்றோருக்கு



பெங்களூருவிலிருந்தும் புனேயிலிருந்தும் வருகிற கடிதங்களில் ஒரு கேள்வி அடிக்கடி இடம்பெறுகிறது. கம்பெனி கணவரைத் துபாய்க்கு அனுப்புகிறது. மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு நான்கு. "அங்கே எந்தப் பள்ளி நல்லது, பாஸ்டர்?" என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பள்ளியின் பெயரை மாத்திரம் கேட்கும் கேள்விக்கு நான் பதில் சொல்லுவதில்லை. அதற்கு முன்பாக வேறொரு கேள்வி இருக்கிறது. நீங்கள் எத்தனை ஆண்டுகள் அங்கே இருப்பீர்கள்? திரும்பி வந்தால் எந்த நகரத்திற்கு வருவீர்கள்?

இதற்கு நிச்சயமான பதில் ஒருவரிடமும் இராது. வளைகுடா நாடுகளில் குடும்பத்தின் விசா பெரும்பாலும் தகப்பனின் வேலையைச் சார்ந்தது. வேலை போனால் விசாவும் போகும். விசா போனால் பள்ளியும் போகும். 2020ஆம் ஆண்டு கொரோனா காலத்தில் கல்வியாண்டின் நடுவிலேயே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊர் திரும்பிய குடும்பங்கள் அநேகம். ஆகவே சேர்க்கும்போதே திரும்பி வரும் வழியையும் யோசித்துச் சேர்ப்பது விசுவாசக் குறைவு ஆகாது. அது வீட்டுத்தலைவனுக்குரிய விவேகம்.

துபாயில் அயல்நாட்டவரின் பிள்ளைகள் பெரும்பாலும் தனியார் பள்ளிகளிலேயே படிக்கிறார்கள். நம்மவருக்கு முன்னால் இருப்பவை பொதுவாக இரண்டு வழிகள். ஒன்று, சி.பி.எஸ்.இ. முதலிய இந்தியப் பாடத்திட்டம். மற்றொன்று, பிரிட்டிஷ் பாடத்திட்டம். இந்தியப் பள்ளிகளில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. பிரிட்டிஷ் பள்ளிகளில் ஆகஸ்டு இறுதியில் அல்லது செப்டம்பரில் தொடங்குகிறது. கட்டணத்திலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பெற்றோர் அதிகமாய்த் தடுமாறுகிற இடம் வகுப்பின் எண்ணிக்கை. பிரிட்டிஷ் முறையில் 'இயர் 1' என்பது ஐந்து வயதில் தொடங்குவது. நம்முடைய கணக்கில் அது யு.கே.ஜி. 'இயர் 2' தான் நம் முதல் வகுப்புக்குச் சமம். 'இயர் 4' முடித்த பையனைப் பெங்களூருவுக்கு அழைத்துவந்து ஐந்தாம் வகுப்பு கேட்கிற தகப்பனிடம், நான்காம் வகுப்பில்தான் இடம் என்று பள்ளி சொல்லும். பிள்ளைக்கு ஒரு வருஷம் வீணாயிற்று என்று தகப்பன் அங்கலாய்ப்பார். ஒன்றும் வீணாகவில்லை, பெயர்தான் வேறு. இதைப் பிள்ளைக்கு முன்னமே விளக்கிச் சொல்லாவிட்டால், தான் தோற்றுப்போய்விட்டதாக அது எண்ணிக்கொள்ளும்.

வயதிலும் கவனம் வேண்டும். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை முதல் வகுப்புக்கு ஆறு வயது என்கிறது. கேந்திரிய வித்யாலயா பள்ளிகள் 2022ஆம் ஆண்டு முதல் அதையே கடைப்பிடிக்கின்றன. மாநிலங்களோ தங்கள் தங்கள் வழியில் நடக்கின்றன. துபாயில் ஏப்ரலில் தொடங்கும் இந்தியப் பள்ளிகளில் மார்ச் 31ஆம் தேதிக்குள் நான்கு வயது நிறைந்த பிள்ளைக்கே கே.ஜி. 1. ஊரில் எல்.கே.ஜி. முடித்துவிட்டாள், ஆகவே யு.கே.ஜி.யில் சேருங்கள் என்று வாதாடிப் பயனில்லை. அங்கே பிறந்த தேதிதான் பேசும். பிள்ளையை ஒரு வகுப்பு முன்னால் தள்ளிவிட வேண்டும் என்கிற நம்மவரின் அவசரம் எனக்கு ஒருபோதும் விளங்கினதில்லை.

சிங்கப்பூருக்குப் போகிறவர்களுக்கு இந்த அதிர்ச்சி இன்னும் பெரியது. அங்கே முதல் வகுப்பு ஜனவரியில் தொடங்குகிறது. பிள்ளைக்கு ஏழு வயதாகும் ஆண்டில்தான் சேர்ப்பார்கள். அரசுப் பள்ளிகளில் தமிழைத் தாய்மொழிப் பாடமாகக் கற்கலாம் என்பது பெரிய ஆறுதல். ஆனால் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவர்களுக்கு இடம் கடைசியில்தான். கிடைக்கும் என்கிற உறுதியும் இல்லை. அந்த நகரத்தின் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி 1887இல் சோபியா பிளாக்மோர் அம்மையாரால் ஒன்பது தமிழ்ச் சிறுமிகளைக்கொண்டு தொடங்கப்பட்டது. நம் பிள்ளைகள் கடல் கடந்து கல்வி கற்பது புதிய காரியமல்ல என்பதற்காக இதைச் சொல்லுகிறேன்.

மறுபடியும் துபாய்க்கு வருவோம். அங்கே கே.எச்.டி.ஏ. என்னும் அரசு ஆணையம் தனியார் பள்ளிகளை மேற்பார்க்கிறது. 2008ஆம் ஆண்டு முதல் அதன் ஆய்வாளர்கள் பள்ளிகளுக்குள் சென்று பார்த்து, மிகச் சிறந்தது முதல் மிகப் பலவீனமானது வரை தரம் குறித்து அறிக்கை வெளியிட்டுவந்தார்கள். எவரும் இலவசமாகப் படிக்கலாம். நம் நாட்டு நகரங்களில் இப்படிப்பட்ட வசதி இல்லையே என்று நான் ஏங்கியதுண்டு. ஆனால் 2024-25ஆம் கல்வியாண்டில் பெரும்பாலான பள்ளிகளில் முழு ஆய்வு நடைபெறவில்லை. ஆகையால் விளம்பரப் பலகையில் காணும் தரம் எந்த ஆண்டுக்குரியது என்று பாருங்கள். மொத்தத் தரத்தோடு நின்றுவிடாமல், உங்கள் பிள்ளை சேரப்போகிற மழலையர் பிரிவையும் தொடக்கப் பிரிவையும் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை வாசியுங்கள். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்கிற செய்தி நான்கு வயதுப் பிள்ளைக்கு எந்த உதவியும் செய்யாது. அபுதாபிக்கும் சார்ஜாவுக்கும் வேறு வேறு ஆணையங்கள் உண்டு.

சார்ஜா என்றதும் வேறொன்று நினைவுக்கு வருகிறது. வீட்டு வாடகை குறைவு என்று அநேக தமிழ்க் குடும்பங்கள் சார்ஜாவில் குடியிருந்து துபாயில் வேலை செய்கின்றன. அந்தச் சாலையின் நெரிசல் பேர்போனது. பேர்பெற்ற பள்ளி துபாயில் இருக்கிறதென்று ஐந்து வயதுப் பிள்ளையை இருட்டோடு எழுப்பி, பஸ்ஸில் ஒரு மணிநேரத்துக்கு மேல் உட்காரவைப்பதா? வரும்போது பாலைவன வெயில் வேறு. என்னுடைய கருத்து திட்டமானது. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பள்ளியின் பெயரைவிடப் பள்ளியின் தூரமே முக்கியம். தூங்கி விழுகிற பிள்ளைக்குச் சிறந்த ஆசிரியரும் ஒன்றும் கற்பிக்க முடியாது. வீட்டுக்கு வந்தபின்பு தாயோடு பேசவும், குடும்பமாய் உட்கார்ந்து சாப்பிடவும், ஜெபிக்கவும் அதற்குப் பெலன் மீந்திருக்க வேண்டும்.

மொழியைக்குறித்து. ஐக்கிய அரபு நாடுகளில் தனியார் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒன்பதாம் வகுப்பு வரை அரபி கட்டாயம். இஸ்லாமியக் கல்வி இஸ்லாமிய மாணவர்களுக்கு மாத்திரமே. இதைக்குறித்துப் பயந்து எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அரபி ஒரு மொழி. எகிப்திலும் லெபனோனிலும் நம் சகோதரர் அந்த மொழியிலேதான் ஆராதிக்கிறார்கள். தானியேலும் அவன் தோழரும் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்றார்கள். அதனால் அவர்கள் கெட்டுப்போகவில்லை.

உண்மையான சிக்கல் திரும்பி வரும்போது தொடங்குகிறது. கர்நாடகத்தில் 2015ஆம் ஆண்டின் சட்டப்படி கன்னடமும், மகாராஷ்டிரத்தில் 2020ஆம் ஆண்டின் சட்டப்படி மராத்தியும் பள்ளிகளில் கற்றாகவேண்டிய பாடங்கள். தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டிலேயே தமிழ் கற்றல் சட்டம் வந்தது. நான்காம் வகுப்பில் மும்பைக்குத் திரும்பும் பிள்ளை, அரபி எழுத்தை வலமிருந்து இடமாக எழுதப் பழகிய கையால் மராத்தியை முதல் எழுத்திலிருந்து தொடங்கவேண்டும். அங்கே இருக்கும்போதே இந்தியை இரண்டாம் மொழியாக எடுத்தால் தேவநாகரி எழுத்தாவது பழகியிருக்கும். தமிழ் கற்பிக்கும் பள்ளிகள் அங்கே மிகச் சில. தமிழக அரசு 2001இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தில், புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளுக்காக மழலைக் கல்வி முதலே பாடங்கள் உண்டு. வாரத்தில் இரண்டு மணிநேரம் தாயோ தகப்பனோ கூட உட்கார்ந்தால் போதும். தமிழ் வேதாகமத்தைத் தானே வாசிக்கத் தெரியாத பிள்ளை, தாத்தா பாட்டியின் கடிதத்தையும் வாசிக்கப்போவதில்லை.

புதிய பள்ளியில் சேர்ந்த பிள்ளை சில வாரங்கள், சில வேளை சில மாதங்கள், வகுப்பில் வாய் திறவாமல் இருக்கக்கூடும். வேற்றுமொழிச் சூழலில் இது சகஜம். அந்த மௌனத்திலே பிள்ளை கேட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறது. வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள் என்று எந்த ஆசிரியராவது சொன்னால், மரியாதையாய்க் கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து தமிழிலேயே பேசுங்கள். ஆனால் வீட்டிலும் பேச்சு குறைந்துபோனால் காத்திராமல் குழந்தை மருத்துவரிடம் காட்டவேண்டும்.

இனிப் பணத்தைக்குறித்து. மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் இருந்தால் குடும்பத்தை அழைத்துக்கொள்ளச் சட்டம் இடங்கொடுக்கிறது. விசா கிடைத்துவிட்டதென்று மகிழ்ந்து அழைத்துப்போய், பள்ளிக் கட்டணத்தின்முன் திகைத்து நிற்கிறவர்கள் உண்டு. கட்டணத்தோடு பஸ், சீருடை, புத்தகம் எல்லாம் தனி. கம்பெனி கல்விச் செலவைத் தருமா, ஒரு பிள்ளைக்கா எல்லாப் பிள்ளைகளுக்குமா என்பதை வேலை ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது. பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதைப் பள்ளியின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் வாசியுங்கள்.

செலவு தாளாதென்று கண்டால் சிலர் எடுக்கும் முடிவு என்னை அதிகமாய்த் துக்கப்படுத்துகிறது. தாய் தகப்பன் இருவரும் அங்கே வேலையில் இருப்பார்கள். ஏழு வயது மகன் நாகர்கோவிலிலோ பாளையங்கோட்டையிலோ விடுதியில் இருப்பான். பெரிய பள்ளி, கிறிஸ்தவப் பள்ளி, எல்லாம் சரிதான். ஆனால் இரவில் காய்ச்சல் வந்தால் அவன் யாரைக் கூப்பிடுவான்? பேர்பெற்ற பள்ளியோடு விடுதி, சாதாரணப் பள்ளியோடு தாயின் வீடு என்று இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டி வந்தால், சாதாரண இந்தியப் பள்ளியையே தெரிந்துகொள்ளச் சொல்லுவேன். அங்கும் இடமில்லையென்றால், தாய் பிள்ளைகளோடு ஊரில் இருப்பது அடுத்தது. அதுவும் பாரம்தான், கணவன் மனைவி பிரிந்திருப்பதை நான் இலேசாய் எண்ணவில்லை.

ஞாயிறு ஆராதனையைப்பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். ஐக்கிய அரபு நாடுகளில் 2022 ஜனவரி முதல் வார விடுமுறை சனி, ஞாயிறு. சார்ஜாவில் வெள்ளியும் சேர்த்து மூன்று நாள். சவுதி, குவைத், ஓமன், கத்தார், பஹ்ரைன் நாடுகளில் வெள்ளியும் சனியும் விடுமுறை. அங்கே ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கு நாள்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: உங்கள் கணவரின் ஒப்பந்தம் மூன்று ஆண்டுகள், வீடு பெங்களூருவில் என்று எழுதியிருக்கிறீர்கள். சி.பி.எஸ்.இ. பள்ளியே உங்களுக்குப் பொருந்தும். வீடு பார்க்குமுன் பள்ளியைப் பாருங்கள். பள்ளிக்கு அருகில் வீடு எடுங்கள். மகனின் மாற்றுச் சான்றிதழை வாங்கும்போதே, அதற்கு எந்தெந்த அலுவலகத்தின் முத்திரை தேவை என்று புதிய பள்ளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழையும் தடுப்பூசி அட்டையையும் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். விசா வரட்டும் என்று காத்திருக்கவேண்டாம். ஏப்ரல் வகுப்புக்கான சேர்க்கையை அநேக பள்ளிகள் முந்தின ஆண்டின் இறுதிக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன.